சிவப்பழகு எப்படி வந்தது? தமிழ்ப் பெண்ணழகின் நிறத்தை மாற்றிய படங்கள்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தால், எடை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே நிறம் எப்படி என்று கேட்கும் உறவினர் ஒருவராவது இருப்பார். பிறந்த குழந்தையின் காது மடலைத் திருப்பிப் பார்த்து, வளர்ந்தபின் என்ன நிறமாக வரும் என்று சொல்லும் பாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளை சிவப்பாகப் பிறக்கட்டும் என்று கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ கலந்து கொடுக்கும் வழக்கம், அதனால் நிறம் மாறாது என்று மருத்துவர்கள் எத்தனை முறை சொன்னாலும் நிற்கவில்லை. அந்தப் பெண் வளர்ந்து கல்யாண வயதை எட்டும்போது, ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்ற பாராட்டு அவளுக்குக் கிடைக்கும். இந்த விருப்பம் மனிதக் கண்ணுக்கு இயல்பானது என்றும், காலங்காலமாக இப்படித்தான் என்றும் பலர் நம்புகிறார்கள். தமிழில் எழுதப்பட்டதையும் செதுக்கப்பட்டதையும் அச்சிடப்பட்டதையும் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது. வெளுத்த தோலை அழகின் முதல் நிபந்தனையாக நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்ததில், கடந்த நூற்று முப்பது ஆண்டுகளில் பெருகிய படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

சங்கப் பாடல்களின் தலைவிக்கு உரிய நிறம் மாமை, அதாவது மாந்தளிரின் நிறம். இளந்தளிராக இருக்கும்போது மாவிலையில் ஓடுகிற அந்தச் செம்மை கலந்த கருமையை நேரில் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. குறுந்தொகையின் 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார், பசுவின் பால் கன்றுக்கும் கிடைக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திப்போவதுபோல, தன் மாமைக் கவின் தனக்கும் பயன்படாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறது என்று தலைவியைப் பேச வைக்கிறார். பிரிவினால் உடல் நிறம் வெளிறி மஞ்சள் பாய்வதுதான் பசலை. அதைப் பீர்க்கம்பூவுக்கும் பொன்னுக்கும் புலவர்கள் ஒப்பிட்டார்கள். திருக்குறளில் பசலைக்கென்றே ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. சாயலையும் நாணத்தையும் எடுத்துக்கொண்டு அவற்றுக்கு ஈடாக நோயையும் பசலையையும் அவர் தந்துவிட்டுப் போனார் என்று 1183ஆம் குறளில் தலைவி சொல்கிறாள். தோல் வெளிறுவது அங்கே அழகு போனதன் அடையாளம், தோழியும் தாயும் பார்த்துக் கவலைப்பட வேண்டிய நோய்க்குறி.

நிறத்தில் மட்டும் இந்த வேறுபாடு நிற்கவில்லை. இளம்பெண்ணின் மேனியில் தோன்றும் சிறு புள்ளிகளும் தேமலும் சுணங்கு, திதலை என்ற பெயர்களில் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் பாராட்டப்படுகின்றன. வேங்கை மரத்தின் பூ உதிர்ந்து கிடப்பதுபோல அவை இருப்பதாகப் புலவர்கள் மகிழ்ந்து பாடினார்கள். இன்று அதே புள்ளிகளை நீக்குவதற்கு மருந்துக்கடையின் கண்ணாடி அலமாரியில் ஒரு முழு அடுக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தோலில் உயிரியல் ரீதியாக எதுவும் மாறிவிடவில்லை. அதைக் குறை என்று பார்க்கக் கண் பழகியிருக்கிறது.

இதைச் சொல்லும்போது பழங்காலத்தைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. அந்த இலக்கியமும் பெண்ணுடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அளந்தது. மனிதப் பெண்ணைக் கூந்தலில் தொடங்கி அடிவரையும், தெய்வத்தைப் பாதத்தில் தொடங்கி முடிவரையும் வருணிப்பது என்று பின்னால் மரபாகவே ஆகிவிட்டது. இடை மின்னலைப்போல இருக்க வேண்டும், உடுக்கையின் நடுவைப்போல ஒடுங்க வேண்டும் என்பதெல்லாம் எந்த உடலாலும் நிறைவேற்ற முடியாத கட்டளைகள். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு இருந்தது. சொல்லால் ஆன அழகுக்கு நிலைத்த முகம் கிடையாது. சங்க நூலான பொருநராற்றுப்படை, ஆடிப் பாடும் கலைஞியான விறலியின் பாதத்தை, ஓடிக் களைத்த நாயின் நாக்குக்கு ஒப்பிடுகிறது. மென்மையும் சிவப்பும் ஈரமும் சேர்ந்த அந்த உவமையைக் கேட்கிற ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு பாதத்தை மனத்தில் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர்க்காரர் நினைத்த முகமும் திருநெல்வேலிக்காரர் நினைத்த முகமும் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

சிற்பம் வடிவத்தைத் திட்டமாக்கியது. சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனிகளில், ஒரு பக்கம் ஒசிந்த இடுப்பும் அகன்ற தோளும் நீண்டு தொங்கும் இடக்கையும் ஏறக்குறைய ஓர் இலக்கண வாய்பாடுபோலத் திரும்பத் திரும்ப வருகின்றன. முகத்தின் நீளத்தை ஓர் அலகாக வைத்து உடல் முழுவதையும் அளந்து பிரிக்கும் தால முறை சிற்ப நூல்களில் உண்டு. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்து மடித்து அளவு குறிக்கிறார்கள். இவ்வளவு கண்டிப்பான கலையிலும் தோலின் நிறம் என்ற கேள்வியே எழவில்லை. உலோகம் உலோகத்தின் நிறத்தில் இருந்தது, கருவறையின் கல் எண்ணெய்க் காப்பினால் மேலும் கறுத்தது. தெய்வத்தின் நிறம் பாடல்களில்தான் வாழ்ந்தது, அதுவும் பல நிறங்களாக. மதுரை மீனாட்சி பச்சை. அபிராமி பட்டருக்கு அபிராமி உதயசூரியனின், மாதுளம் பூவின் சிவப்பு. காளி கருமை, கலைமகள் வெண்மை. இவை எவையும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய நிறங்கள் அல்ல. அவை அந்தந்தத் தெய்வத்தின் குணத்தைச் சொல்லும் குறிகள்.

இந்த நிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாறத் தொடங்கியது. 1848இல் கிளிமானூரில் பிறந்த ராஜா ரவி வர்மா, திருவிதாங்கூர் அரண்மனைக்கு 1868இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வரைவதை அருகிலிருந்து பார்த்து எண்ணெய் வண்ணத்தின் நுட்பங்களைப் பிடித்துக்கொண்டார். 1873இல் சென்னையில் நடந்த கண்காட்சியில், கூந்தலில் பூச்சரம் சூடும் நாயர் பெண்ணை வரைந்த அவருடைய ஓவியத்துக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. எண்ணெய் வண்ணத்தின் இயல்பு, தோலைத் தோலாகவே காட்டுவது. கன்னத்தில் ஒளி விழும் இடம், கழுத்தின் நிழல், விரல் நுனியின் இளஞ்சிவப்பு எல்லாம் அதில் வந்துவிடும். அந்த நுட்பத்தில் இலட்சுமியையும் சரஸ்வதியையும் வரைந்தபோது, அதுவரை குறியாக இருந்த தெய்வ நிறம் முதல்முறையாக மனிதத் தோலின் நிறமானது. அவர் தேர்ந்த தோல் ரோஜா கலந்த வெளிர் நிறம். சேலை மராத்தியப் பாணியை ஒட்டிய கட்டு, முகம் மேல்தட்டு மலையாளக் குடும்பத்துப் பெண்ணின் சாயல். அவருக்குக் கறுத்த தோலை வரையத் தெரியாமல் இல்லை. தெருவோரம் பாடிப் பிழைக்கும் நாடோடிப் பெண்ணையும் அவள் குழந்தைகளையும் அவர் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் தோல் கறுத்திருக்கிறது. வறுமைக்கு ஒரு நிறம், தெய்வத்துக்கு ஒரு நிறம் என்ற பிரிவினை ஒரே கையிலிருந்து வந்திருப்பதைப் பார்க்கும்போது, அவருடைய திறமையை எவ்வளவு மதித்தாலும், மனம் உறுத்தாமல் இருப்பதில்லை.

ஓவியங்கள் அரண்மனைச் சுவர்களோடு நின்றிருந்தால் இந்தத் தேர்வு சிலருடைய ரசனையாக மட்டும் இருந்திருக்கும். 1884இல் முன்னாள் திவான் டி. மாதவ ராவ், இந்தப் படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சுப் பிரதிகள் எடுக்கலாம் என்று ரவி வர்மாவுக்கு யோசனை சொல்லிக் கடிதம் எழுதினார். 1894இல் பம்பாயில் ரவி வர்மாவின் கல்லச்சுக் கூடமே தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லைத் தயாரித்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு, கடைசியில் வார்னிஷ் பூசி எண்ணெய் ஓவியத்தின் மினுக்கைக் கொண்டுவரும் முறை அது. சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் தெய்வம் வீட்டுக்கு வந்தது. கோயிலுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டவர்களும் சுவரில் மாட்டி வணங்க முடிந்தது என்பதை இந்த அச்சுக்கூடத்தின் கணக்கில் நன்மையாகவே எழுத வேண்டும். தமிழ் வீடுகளில் அந்தத் தாள்களின்மேல் சரிகையும் சம்கியும் ஒட்டிச் சட்டம் போட்டார்கள். நிறுவனம் கைமாறிய பிறகும் அதே படங்கள் தீப்பெட்டிகளிலும் விளம்பரத் தாள்களிலும் பல பத்தாண்டுகள் சுற்றின. ஆயிரம் ஊர்களில் ஆயிரம் விதமாக நினைக்கப்பட்ட இலட்சுமிக்கு ஒரே முகம் கிடைத்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்த இவர் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர், சில காலம் ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதியவர். கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் அவரும் டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் போன்ற அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர் அட்டைகளாக வெளிவந்தன. சிவகாசி அச்சுத் தொழில் தீப்பெட்டி லேபிளுக்காகவும் பட்டாசுப் பெட்டிக்காகவும் வளர்ந்த தொழில். காலண்டர் அதற்கு இயல்பான அடுத்த படியாக அமைந்தது. நகைக்கடையும் ஜவுளிக்கடையும் மளிகைக்கடையும் தங்கள் பெயரைக் கீழே அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்ததால், காசு கொடுத்துப் படம் வாங்க முடியாத குடும்பத்துக்கும் ஆண்டுக்கு ஒரு புது இலட்சுமி வந்து சேர்ந்தாள்.

அந்த அட்டையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தாமரைமேல் நிற்கும் இலட்சுமியின் முகம் வட்டமாக, எலும்பே தெரியாத மென்மையோடு இருக்கும். தாடையின் விளிம்பிலும் கழுத்தின் மடிப்பிலும் மட்டும் மெல்லிய காவி நிழல் ஓடும். மற்ற இடமெல்லாம் வெளிர் மஞ்சளும் ரோஜாவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்த ஒரே பரப்பு. கன்னத்தில் குங்குமச் சாயல், உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சிவப்பு. அசுரனையும் வேடனையும் அரக்கியையும் வரையும் இடத்தில்தான் தூரிகை கருமையையும் பழுப்பையும் தாராளமாக எடுக்கும். காலையில் எழுந்ததும் தேதித் தாளைக் கிழிக்கிற குழந்தை, எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே, நல்லவள் எந்த நிறம், கெட்டவள் எந்த நிறம் என்ற பாடத்தை அங்கே படித்துவிடுகிறது. யாரும் அதைச் சொல்லித் தரவில்லை என்பதால்தான் அது அவ்வளவு ஆழமாகப் பதிகிறது.

நிறப் பாகுபாட்டைப் படங்கள் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உண்டாக்கவில்லை. வெயிலில் உழைக்கும் உடல் கறுக்கும், நிழலில் இருக்கும் உடல் கறுக்காது என்பதால் நிறம் நெடுங்காலமாகச் சாதிக்கும் உழைப்புக்கும் அடையாளமாகப் படிக்கப்பட்டது. உண்மையில் எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் உண்டு என்றாலும் அந்த வாசிப்பு போகவில்லை. ஆங்கிலேயர் ஆட்சி அதிகாரத்தின் நிறம் எது என்பதை இன்னும் வெளிப்படையாகக் காட்டியது. படங்கள் செய்தது, மனத்தில் மங்கலாக இருந்த அந்த மேல் கீழ் வரிசைக்குப் பக்தியின் புனிதத்தையும் அழகின் இன்பத்தையும் சேர்த்துக் கொடுத்தது. சாதி சொன்னால் எதிர்த்துப் பேச ஆள் உண்டு. பூஜை அறையில் இருக்கும் படத்தோடு யாரும் வாதாடுவதில்லை.

புகைப்படம் உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நம்பியவர்களுக்கு, ஊர் ஊராக இருந்த ஸ்டுடியோக்களின் பின்னறையில் நடந்தது தெரிந்திருக்காது. அங்கே டச்சிங் செய்பவர், பின்னாலிருந்து வெளிச்சம் வரும் சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, கூராகச் சீவிய பென்சிலால் முகத்தின்மேல் பொடிப்பொடியாகப் புள்ளி வைப்பார். நெகட்டிவில் எவ்வளவு அடர்த்தி கூடுகிறதோ அவ்வளவு வெளுப்பு அச்சில் வரும். அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே உள்ள கருமை போகும், ஒட்டுமொத்த முகமும் இரண்டு படி வெளுக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படத்துக்கு இந்த வேலை கட்டாயமாக இருந்தது. பெண்ணை நேரில் பார்க்க வந்தவர்கள் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அந்தக் கணத்தின் கூச்சத்தைச் சுமந்தவள் அவள்தான், பென்சில் பிடித்தவர் அல்ல.

வண்ணப் பிலிம் வந்தபோது இந்தச் சாய்வு வேதியியலுக்குள்ளேயே புகுந்தது. அமெரிக்காவின் கோடக் நிறுவனம், அச்சு இயந்திரங்களில் வண்ணத்தைச் சரிசெய்வதற்காக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அளவுகோலாக ஆய்வகங்களுக்கு அனுப்பிவந்தது. முதலில் படம் எடுக்கப்பட்ட ஊழியரின் பெயரால் அது ஷெர்லி அட்டை என்று அழைக்கப்பட்டது. அவள் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று பொருள். பிலிமின் பூச்சும் வெளிர் தோலை நுணுக்கமாகக் காட்டவே வடிவமைக்கப்பட்டிருந்ததால், கறுத்த முகங்கள் விவரமிழந்து, கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் இருட்டுப் பரப்பாக விழுந்தன. இதைப் பற்றிக் கறுப்பினக் குடும்பங்கள் சொன்ன குறை நெடுநாள் எடுபடவில்லை. சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும், தங்கள் பொருள்களின் பழுப்பு வேறுபாடுகள் விளம்பரப் படத்தில் சரியாக விழவில்லை என்று முறையிட்ட பிறகே பிலிமின் தன்மை திருத்தப்பட்டது என்பதைக் கனடா ஆய்வாளர் லோர்னா ராத் பதிவு செய்திருக்கிறார். இங்கே நம் கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணுக்குக் கனமாகப் பவுடர் பூசி, முகத்துக்கு நேராக விளக்கைத் திருப்பிய பழக்கத்துக்கு ரசனை மட்டும் காரணம் அல்ல. கருவியும் அப்படித்தான் கேட்டது.

தமிழ்த் திரைப்படம் இந்த மரபுகள் எல்லாவற்றையும் ஒன்றாக உள்வாங்கியது. சென்னை ஸ்டுடியோக்களில் பான்கேக் என்ற ஒப்பனைப் பூச்சு ஆண் பெண் இருவருக்கும் பொதுவாகத்தான் இருந்தது, கறுப்பு வெள்ளைக் காலத்தில் நிறத்தைவிட ஒளியமைப்பே முகத்தைத் தீர்மானித்தது. உடலைப் பொறுத்தவரை 1950களிலும் 60களிலும் சாவித்திரி, பத்மினி, சரோஜாதேவி போன்ற நாயகியருக்கு நிறைந்த உடல் குறையாகக் கருதப்படவில்லை. பத்மினியின் புகழுக்கு அடிப்படையே நடனம் பயின்ற உடலின் உறுதிதான். வண்ணப்படம் வழக்கமான பிறகு, அதிலும் குறிப்பாக 1990களிலிருந்து, நாயகியைத் தேடி மும்பைக்கும் வடக்குக்கும் போவது தொழிலின் நடைமுறையாகிவிட்டது. முகம் ஓரிடத்திலிருந்தும் குரல் வேறோரிடத்திலிருந்தும் வந்தன. சென்னையின் பின்னணிக் குரல் கலைஞர்கள் இருட்டறையில் நின்று, தமிழ் தெரியாத வாயசைவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோபத்தையும் அழுகையையும் கொடுத்தார்கள். தமிழ் பேசும் பெண்ணின் குரல் திரைக்குத் தேவைப்பட்டது, அவள் முகம் தேவைப்படவில்லை என்பதை இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

ஆணுக்கு இந்த விதி இல்லை. 1975இல் அறிமுகமான ரஜினிகாந்த், அவருக்குப் பின் வந்த விஜயகாந்த் ஆகியோரின் கறுத்த நிறம் மக்களில் ஒருவர் என்ற நெருக்கத்தைத் தந்து அவர்களுடைய செல்வாக்குக்கு உரமாகவே ஆனது. அதே நிறத்தில் உள்ள பெண் நாயகனின் தங்கையாகவோ நாயகியின் தோழியாகவோ கேலிக்குரிய பாத்திரமாகவோ வருவாள். கிராமத்துப் பெண்ணோ கூலிப் பெண்ணோ நாயகியாக வேண்டிய கதையில்கூட வெளுத்த நடிகைக்குக் கருமை பூசி நிறுத்துகிறார்கள், இயல்பிலேயே அந்த நிறத்தில் உள்ளவரை அழைப்பதில்லை. 1978இல் அறிமுகமாகி, தன் கண்களாலும் நடிப்பாலும் அந்தச் சுவரைத் தாண்டிய சரிதாவை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அவரைப் பின்பற்றி ஒரு வரிசை உருவாகவில்லை என்பதுதான் வருந்தத்தக்கது. அவரே பிற்காலத்தில் பல நாயகியருக்குக் குரல் கொடுக்கும் கலைஞரானார்.

ரஜினிகாந்த் அறிமுகமான அதே 1975இல்தான் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. அதன் விளம்பரங்கள் பல ஒரே கதையைச் சொல்லின: கறுத்த பெண் வேலை கிடைக்காமலோ வரன் அமையாமலோ முகம் வாடி நிற்கிறாள், சில வாரங்கள் கிரீம் பூசுகிறாள், அவள் முகங்கள் வரிசையாக ஒன்றைவிட ஒன்று வெளுத்துத் தெரிகின்றன, முடிவில் எல்லாம் கிடைக்கிறது. சென்னையைச் சேர்ந்த கெவின்கேர் 1998இல் கொண்டுவந்த ஃபேரெவர், குங்குமப்பூவும் பாலும் சேர்ந்தது என்ற அறிவிப்போடு வந்தது. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் அந்தப் பழைய டம்ளரைச் சந்தை சரியாகப் புரிந்துகொண்டது. சில ரூபாய் விலையுள்ள சாஷே பாக்கெட்டுகள் கிராமத்துப் பெட்டிக்கடைவரை தொங்கின. காலண்டர் கற்பித்த விருப்பத்தை அடைய முடியும் என்று சொன்னதுதான் இந்தக் கிரீம்கள் புதிதாகச் சேர்த்தது. அடைய முடியும் என்றான பிறகு, கறுப்பாக இருப்பது ஒரு பெண்ணின் சோம்பலாகவும் அக்கறையின்மையாகவும் பார்க்கப்பட்டது.

ஊடகம் உண்மையிலேயே ஆசையை உண்டாக்குகிறதா, இருக்கும் ஆசையை எதிரொலிக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. நம்மிடம் எல்லாம் ஒரே சமயத்தில் பின்னிக் கிடப்பதால் இதைப் பிரித்துக் காட்டுவது கடினம். தெளிவான ஒரு சான்று பசிபிக் கடலின் பிஜித் தீவுகளிலிருந்து கிடைத்தது. பருத்த உடலை நலத்துக்கும் உறவினரின் அன்புக்கும் அடையாளமாகக் கொண்டாடிய அந்தச் சமூகத்தில், நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களிலும் பின்பு 1998இலும் பள்ளி மாணவியரிடம் ஆய்வு நடத்தினார். உணவுக்கோளாறு அறிகுறிகளை அளக்கும் வினாத்தாளில் அபாய அளவைத் தாண்டியவர்கள் 12.7 விழுக்காட்டிலிருந்து 29.2 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள். எடையைக் குறைக்கத் தாங்களாகவே வாந்தி எடுத்தவர்கள் முதல் ஆய்வில் ஒருவரும் இல்லை, மூன்றாண்டுகளில் 11.3 விழுக்காட்டினர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். பல தலைமுறையாக இருந்த அழகுக் கணக்கு மூன்றே ஆண்டுகளில் ஆட்டம் கண்டது.

இதன் விலையை உடல்தான் கொடுக்கிறது. தோல் மருத்துவர்கள் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தரும் ஸ்டீராய்டு களிம்புகளை, மருந்துக்கடையில் நேரடியாக வாங்கி ஆண்டுக்கணக்கில் முகத்தில் பூசியவர்களுக்குத் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளித்தெரிந்து, வெயில் பட்டாலே எரியும் நிலை வந்தது. 2018இல் 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க மத்திய அரசு தடை விதித்தது. இன்னும் கொடியது, சில சிவப்பழகுக் கிரீம்களில் கலந்திருக்கும் பாதரசம். கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை கண்ட ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரில், 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பயன்படுத்தியவர்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்தைக் கெடுத்து, சிறுநீரில் புரதம் கசிய வைத்திருக்கிறது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் போராட்டத்துக்குப் பிறகு 2003இல் சில சிவப்பழகு விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. கறுத்த தோல் உள்ளவர்களை மகிழ்ச்சியற்றவர்களாகவோ வேலைக்கும் திருமணத்துக்கும் தகுதி குறைந்தவர்களாகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறிமுறை வகுத்தது. சென்னையில் இயங்கும் விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு, கருமையும் அழகே என்ற பரப்புரையை 2009இலேயே தொடங்கி, நடிகை நந்திதா தாஸின் ஆதரவோடு நாடு முழுவதும் கொண்டுசென்றது. 2020இல் அமெரிக்காவில் எழுந்த இனவெறி எதிர்ப்பின் அலையில் ஃபேர் அண்ட் லவ்லி பெயர் மாறியது, ஒரு திருமண இணையதளம் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது. பெயர் மாறிய கிரீம் அதே அலமாரியில் அதே இடத்தில் விற்கிறது என்பதால் இதைப் பெரிய வெற்றியாக எண்ண எனக்கு மனம் வரவில்லை. அதைவிட அழுத்தமாகப் பேசுபவை, கோத்தகிரியைச் சேர்ந்த சாய் பல்லவி முகப்பருவை மறைக்காமல் 2015இல் நாயகியாக அறிமுகமானதும், பின்னர் சிவப்பழகு விளம்பரத்தில் நடிக்க மறுத்ததும், தன் நிறத்தைச் சொல்லி எத்தனை இடங்களில் ஒதுக்கினார்கள் என்று ஐஸ்வர்யா ராஜேஷ் மேடையில் வெளிப்படையாகப் பேசியதும்தான்.

இதற்கிடையில் பழைய டச்சிங் மேசை ஒவ்வொருவர் கைக்குள்ளும் வந்துவிட்டது. கைப்பேசிக் கேமராவின் அழகு வசதி, பல கைப்பேசிகளில் கேட்காமலே இயங்கி, தோலை வழவழப்பாக்கி, ஓரிரு படி வெளுக்க வைத்து, மூக்கைக் கூராக்கிக் காட்டுகிறது. ஸ்டுடியோப் படம் வாழ்நாளில் நாலைந்து முறை எடுப்பது. இந்தப் படத்தை ஒரு பதினான்கு வயதுப் பெண் நாளுக்குப் பத்து முறை பார்க்கிறாள், அதுவும் பிறர் முகமாக அல்லாமல் தன் முகமாக. நடிகையின் முகத்தோடு ஒப்பிட்டு வருந்திய தாய்க்கு, அவள் வேறு யாரோ என்ற ஆறுதலாவது இருந்தது. விளம்பரங்களில் திருத்தப்பட்ட உடல் என்றால் அதைக் குறிப்பிட்டாக வேண்டும் என்று பிரான்ஸ் 2017 முதலும் நார்வே 2022 முதலும் சட்டம் வைத்திருக்கின்றன. இந்தியாவில் அப்படியொரு கட்டாயம் வருவதோடு, பள்ளிக் குழந்தைகள் கையில் கிடைக்கும் கேமராக்களில் இந்த வசதி தானாக இயங்காமல், வேண்டுமென்றால் மட்டும் இயங்குவதாக வைக்கச் சொல்வது அரசுக்கு இயலாத காரியம் அல்ல.

தெய்வத்தின் முகத்தையே திரும்ப எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக் கலைஞர் நரேஷ் நிலும் 2017இன் இறுதியில், கறுத்த நிறமுள்ள ஆண்களையும் பெண்களையும் இலட்சுமியாகவும் சரஸ்வதியாகவும் முருகனாகவும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். காலண்டரில் பார்த்த அதே தாமரை, அதே நகை, அதே ஒளிவட்டம், தோல் மட்டும் நம் தெருவில் நடமாடும் தோல். அந்தப் படங்கள் பரவலாகப் பேசப்பட்டன, ஆனால் பேச்சு பெரும்பாலும் இணையத்தோடு நின்றது. சிவகாசியில் ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியாகும். கடைக்காரர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, தங்கள் வாடிக்கையாளர் எதை மாட்டுவார்கள் என்று கணித்து ஆர்டர் கொடுப்பார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் கறுத்த இலட்சுமியைக் கேட்டால் அச்சகம் மறுக்கப்போவதில்லை. இயந்திரமும் மைகளும் அதேதான், அளவு மட்டும் கொஞ்சம் வேறுபடும்.